அரைப்பேர்

பங்களாவில் இப்போது துரை இல்லை.
இரவுக்கு இவ்வளவு என்று கொடுத்து
யார் யாரோ தங்கிப் போகிறார்கள்.
போன மாதம் வந்த ஒருவன்
மாடியறைக் கட்டிலில் படுத்தபடியே
மெனேஜரின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து
சம்பளக் கணக்கை வாசித்திருக்கிறான்.
நல்லவன்,
போகும்போது சொல்லிவிட்டுப் போனானாம்.

அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
பண்டாரவளையில் பூனாகலை பஸ் பிடித்து,
மண் சரிந்த இடத்தில் இறங்கி நடந்து,
புது ரவுட்டர் நனையாமல்
என் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனேன்.

பழையதற்கு அட்மின்தான் பேர்,
அட்மின்தான் சாவி.
ஆறு வருடம்.

இணைந்திருப்பவற்றின் பட்டியலைத் திறந்தால்
காலைப் பெரட்டு மாதிரியே இருந்தது.
பல்பு ஒன்பது. கமரா நான்கு.
சுடுதண்ணி பொயிலர்.
திரைச்சீலையை இழுத்துவிட ஒரு மோட்டார்,
கை இருக்கும்போதே.
ஒன்றுக்கு மட்டும் பேர் இல்லை.
மெனேஜர் விஜேகோனும் நானும்
அறை அறையாகத் தேடினோம்.
கடைசியில் குளியலறையில், ஆள் நிறுக்கும் தராசு.
ஏறி நின்றவர்களின் கிலோவையெல்லாம்
கடல் தாண்டி எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்தது.
கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று கேட்டு வளர்ந்தவன் நான்.
தராசை நம்பாதே என்று
எனக்கு எந்த கோர்ஸிலும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வலையை இரண்டாகப் பிரித்தேன்.
ஒன்று வீட்டுக்கு, ஒன்று விருந்தினருக்கு.
விருந்தினர் லண்டன் வரை போகலாம்,
அடுத்த அறையைத் தொட முடியாது,
பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவும் முடியாது.
அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது,
சரி போட்டால் முடிந்தது.

புதுப் பூட்டைப் போட்டதும்
ஒன்பது பல்பும் முழித்தன.
அவற்றுக்குப் பழைய பூட்டுத்தான் தெரியும்.
ஒரு பல்புக்காகப் பூட்டை இளக்கலாமா?
விருந்தினர் பக்கம் மட்டும் இளக்கி
பல்பு, பொயிலர், மோட்டார், தராசு
எல்லாவற்றையும் அங்கே தள்ளினேன்.
கெட்டால் அந்தப் பக்கமே கெடட்டும்.

குசினியிலிருந்து ஞானமுத்து அண்ணன் வந்தார்,
ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு
போனை நீட்டினார்.
இருபத்தாறு வருடம் இங்கேயே படுத்து
இங்கேயே எழும்புகிறவர்.
"கெஸ்ட்ல போடு" என்றார் மெனேஜர்
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவர் சொன்னது சரிதான்.
அந்தப் போனுக்கு நான்கு வருடமாக அப்டேட் இல்லை,
திரை வேறு வெடித்திருந்தது.
கேட்காவிட்டாலும் அங்கேதான் போட்டிருப்பேன்.
போட்டேன்.
ஒவ்வோர் எழுத்தாக நான் சொல்ல
ஒற்றை விரலால் அழுத்தியவர் கேட்டார்:
"கெஸ்ட்டுன்னா விருந்தாளிதானே தம்பி?"
"ஆமாண்ணே."
"அப்ப ராவைக்கு சோறு யாரு ஆக்குறது?"
அவரேதான் முதலில் சிரித்தார்.
நான் பட்டியலில் அவரைத் தேடினேன்.
தராசுக்குக் கீழே இருந்தார்.

எங்கள் லயத்தில்
ஏழு காம்பராவுக்கும் ஒரே ரவுட்டர்.
விண்ணப்பத்தில் வீட்டிலக்கம் கேட்ட இடத்தில்
ஒரு கோடு போட்டுத்தான் வாங்கினோம்.
பாஸ்வேர்ட், தண்ணிப் பீலிக்கு மேலே
சுவரில் கரியால் எழுதியிருக்கிறது,
எங்கள் நாயின் பேர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று.
ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவன் வீடு இது.

ராத்திரி, மழை தகரத்தை அடிக்கும்போது
வெட்கம் வந்து பட்டியலைத் திறந்தேன்.
இருபத்து மூன்று.
குழந்தைதெரேசின் டெப்,
கொழும்பிலிருந்து லீவில் வந்த சிவநேசனின் இரண்டு போன்,
யாரோ தவணைக்கு வாங்கிய டீவி,
எல்லாம் தெரிந்த பேர்.
ஒன்றுக்கு மட்டும் பேர் இல்லை.

அதைத் துண்டித்தேன்.
துண்டித்துவிட்டு
விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்,
எந்தப் பக்கத்துச் சுவரில்
தட்டும் சத்தம் வருகிறதென்று.